பன்னிரண்டு பைட்

தக்கலையில், ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
என் அலுவலகம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
படியேறி வரும் புளித்த பால் நாற்றம்.
கருங்கல் ஸ்டுடியோ ஒன்றுக்கு நான் எழுதிய நிரல்
கல்யாண வீடியோவைக் கேட்டவருக்குக் கொடுக்கும்.
கொடுக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்.

குறும்பனை ததேயுஸ் கப்பலில் ஃபிட்டர்.
தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.
இரண்டே கால் ஜிபி.
"எக்கா, அமுக்குனா வெள்ளையா நிக்குது. ஒண்ணும் வரல்ல."

தப்பு என்னுடையதுதான்.
முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்று,
பிறகு கொடு என்று எழுதியிருந்தேன்.
அந்த வாடகை சர்வரில் அதற்கு விட்டிருந்த இடமோ
நூற்றிருபத்தெட்டு எம்பி.
பாயச உருளியைத் தலையில் தூக்கிக்கொண்டு
இலை இலையாகப் போ என்றால்
எந்த விளம்புகாரன் நடப்பான்?

மாற்றினேன்.
ஒரு வாளி கோரு. ஊற்று. மறந்துவிடு.
அடுத்த வாளி.
முப்பது நொடியில் கழுத்தை நெரிக்கும்
நேர வரம்பை எடுத்தேன்.
நடுவில் அறுந்தால்,
எதுவரை கிடைத்தது என்று அவன் பிரவுசர் சொல்லும்;
அங்கிருந்து தொடர் என்றும் சேர்த்தேன்.

பிறகு ராத்திரிகளில் பதிவேட்டைப் பார்ப்பது வழக்கமானது.
கப்பல் கரையை அடுத்தால்
ஒரு வரி விழும்: 206.
பாதி தந்தேன் என்று பொருள்.
நாலு நாள் ஒன்றுமில்லை.
மறுபடி 206. நாற்பது நிமிடம். அறுந்தது.
அவன் எந்தக் கடலில் என்று எனக்குத் தெரியாது.
எந்த பைட்டில் என்று தெரியும்.

முதல் தடவையும் பதினொரு தொடர்ச்சியுமாக
ஒரு மாதத்தில் முடிந்தது.
அளவு சரி. ஒன்றுகூடக் குறையவில்லை.
திறக்கவில்லை.

"எக்கா, கெட்டுப்போன ஃபைல்னு சொல்லுது."

அன்று மதியச் சோறு இறங்கவில்லை.
சாயங்காலம் கீழே லாரியில் ஷீட் ஏற்றும்போதுதான்
கண்ணில் பட்டது:
நிரல் தொடங்கும் இடத்துக்கு மேலே,

ஒரு வெற்று வரி.

என் விரல்தான் எப்போதோ எண்டரைத் தட்டியிருக்கிறது.
மடையில் கிடந்ததைத் துடைத்துவிட்டுத் திறந்திருக்க வேண்டும்.
அப்படியே திறந்துவிட்டேன்.
அவன் கேட்ட ஒவ்வொரு முறையும்
முதலில் அந்தச் சூனியம் போயிருக்கிறது,
ஒரு பைட் இடத்தை அடைத்துக்கொண்டு.
ஒவ்வொரு துண்டின் வாலிலும்
ஒரு பைட் வெளியே நின்றிருக்கிறது.
கூடியதும் குறைந்ததும் சமம். அதனால்தான் கணக்கு இடிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து இறக்கு என்று
எந்த வாயால் சொல்வது?

பதிவேட்டில் அறுந்த இடமெல்லாம் இருந்தது.
மூல வீடியோவைத் திறந்து
வெளியே நின்ற பன்னிரண்டையும் எண்களாக எடுத்தேன்.
ஒன்பது வரியில் ஒரு குட்டி நிரல்:
இந்த இடத்தில் சூனியத்தை எடு,
துண்டை ஒரு அடி முன்னே நகர்த்து,
வாலில் இதை வை.
வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
கப்பலின் பழைய லேப்டாப்பில் அதை ஓட்டத் தெரிந்த
பிலிப்பினோக்காரன் ஒருவன் இருந்தானாம்.

ஸ்டுடியோக்காரர் கேட்டார்,
"பன்னெண்டு பைட்டுக்கு எவ்வளவு பில் போடுவிய?"
நான் அந்த வெற்று வரியை அழித்துக்கொண்டிருந்தேன்.
பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு.
சந்தேகத்துக்கு, கீழேயும் போய்ப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை அவன் செய்தி:
"தெறந்துட்டு எக்கா. முழுசும் கண்டேன்.
பந்தியில எங்க அப்பாவுக்குப் பக்கத்து எலை,
நான் இருக்க வேண்டிய எடம்,
கேட்டியளா,
அதுல அந்த பிளம்பர் வர்க்கீசு இருந்து
ரெண்டு தடவ பாயசம் வாங்குகான்."